அப்பா பூட்டிய சம்ப்பைக் கழற்றலாமா?

பழைய கார்களைப் பேணுவோர் அனுப்பும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் எழுதி வருகிறேன். இம்முறை வந்தவற்றுள் மூன்று கடிதங்கள் என்ஜினின் அடியில் ஒயில் தேங்கும் பாத்திரமான சம்ப்பைப் பற்றியவையாக இருந்தமையால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். முதற் கடிதத்திலுள்ள சிக்கல் பலருக்கும் இருக்கக்கூடியது என்பதால் அதற்கே கூடுதல் இடம்.

கேள்வி: ஐயா, என்னிடம் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. 948 சீசீ என்ஜின். அப்பா அதை 1974இல் கொழும்பில் வாங்கினார். சில ஆண்டுகளின் பின் லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் மூலம், அடியில் வரிவரியாகத் துடுப்புகள் உள்ள வார்ப்பு அலுமினியச் சம்ப் ஒன்றை எடுப்பித்து, காருடன் வந்த தகரச் சம்ப்பைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டினார். கார் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் முழுவதும் இதுவே இருந்தது. அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நல்லூருக்கும், நல்லது கெட்டதுக்கும் மாத்திரமே காரை எடுக்கிறேன். இரவு நிறுத்தினால் காலையில் நிலத்தில் உள்ளங்கை அளவு ஒயில் கறை இருக்கிறது. ஒயில் மாற்றும்போது புத்தகத்தில் உள்ள அளவைவிட ஒரு லீற்றருக்கு மேல் கூடுதலாகக் கொள்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊற்றுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. ஒயிலை வடிக்கக் கழற்றும் சம்ப் நட்டின் புரி தேய்ந்துபோனதால் வெள்ளை நாடா சுற்றி இறுக்கி வைத்திருக்கிறோம். கனடாவிலுள்ள தம்பி, பழைய சம்ப்பைப் பூட்டினால்தான் கார் கார் மாதிரி இருக்கும் என்கிறான். கராஜ் பாஸோ, இது இப்போது தேடினாலும் கிடைக்காத சாமான், கை வைக்க வேண்டாம் என்கிறார். பழைய சம்ப் சாக்கில் சுற்றியபடி கொட்டிலில் இருக்கிறது. அப்பா தன் கையால் பூட்டியதைக் கழற்ற எனக்கும் மனம் வரவில்லை. என்ன செய்வது? – கொக்குவில் வாசகர்

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் இன்றைய பாவனைக்குப் பழைய தகரச் சம்ப்பே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அதைப் பூட்டுவதற்கு முன் உள்ளே ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பார்க்காமல் பூட்டினால் என்ஜினே போய்விடக்கூடும். ஆகவே இந்தப் பதிலைக் கடைசிவரை வாசித்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுங்கள்.

சம்ப் ஒயிலைத் தேக்கி வைக்கும் வெறும் தொட்டி அல்ல. பேரிங்குகளிலிருந்தும் வால்வுப் பகுதியிலிருந்தும் வழிந்து வரும் சூடான ஒயில் அங்கே சற்று ஆறுகிறது, அதில் கலந்த காற்று பிரிந்து போகிறது, கரியும் உலோகத் துகளும் அடியில் படிகின்றன. புதிய கார்கள் பலவற்றில் வார்ப்புச் சம்ப் என்ஜினையும் கியர்பெட்டியையும் பிணைத்துப் பிடிக்கும் உறுப்பாகவும் இருப்பதால், அங்கே வேறொன்றை மாற்றிப் பூட்டுவது பெரிய விடயம். மொறிஸ் மைனரில் அப்படியில்லை. அழுத்தி வடித்த எஃகுத் தகட்டாலான அதன் சம்ப் எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. எனவே இரண்டில் எதைப் பூட்டினாலும் காரின் பலத்துக்குக் குறைவில்லை. ஒயில் எப்படி நடந்துகொள்கிறது, காரின் அடிப்பாகம் எந்த நிலத்தின்மேல் ஓடுகிறது என்ற இரண்டையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்ப்போம். உங்கள் என்ஜினில் ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்ரிக் சம்ப்பினுள் நேரடியாக இறங்குவதில்லை. என்ஜின் புளொக்கிலுள்ள துளை வழியாகவே இறங்குகிறது. அதிலுள்ள மேற்கோடு, பிஸ்ரன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலிருந்து ஒயிலின் மேல்மட்டம் எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறதே தவிர, சம்ப்பில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. சம்ப்பை ஆழமாக்கினாலும் அந்தக் கோடு அதே உயரத்தில்தான் நிற்கும். ஒயில் அந்தக் கோட்டைத் தாண்டினால் மட்டுமே கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஒயிலால் அழுத்தத்தைத் தாங்க முடியாது. ஆகவே ஆழமான சம்ப் உள்ள காரில் லீற்றர் கணக்கை மறந்துவிட்டு, காரைச் சமதரையில் நிறுத்திச் சில நிமிடங்கள் விட்டு, மேற்கோடு வரை ஊற்றுவதே சரி. நீங்கள் இதுவரை செய்தது பிழையல்ல. இதற்கு ஒரேயொரு நிபந்தனை, டிப்ஸ்ரிக் காருக்குரிய பழையதாகவே இருக்க வேண்டும், அதில் யாரும் அரத்தால் புதுக்கோடு போட்டிருக்கக் கூடாது என்பதுதான். தகரச் சம்ப்பைப் பூட்டியதும் இதை உறுதிசெய்துகொள்ளலாம். புத்தகத்தில் சொன்ன அளவை ஊற்றி, என்ஜினைச் சற்று ஓடவிட்டு நிறுத்திப் பார்க்கும்போது ஒயில் மேற்கோட்டை ஒட்டி நின்றால் டிப்ஸ்ரிக் உண்மையைச் சொல்கிறது.

கூடுதலாகக் கொள்ளும் அந்த ஒரு லீற்றரால் என்ன பயன் என்பது, ஒயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் எவ்வளவு தூரம் கீழே போகிறது என்பதைப் பொறுத்தது. குழாயின் நுனியிலுள்ள சல்லடை பழைய உயரத்திலேயே இருந்தால், அதற்குக் கீழே கிடக்கும் ஒயில் அவசரத்துக்கு உதவாது. மட்டம் சல்லடைக்குக் கீழே இறங்கியதும், அடியில் ஒரு லீற்றர் மிச்சமிருந்தாலும் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். இருந்தாலும் அது முழுவதும் வீண் அல்ல. மேலேயுள்ள ஒயிலுடன் அது கலந்துகொண்டே இருப்பதால், ஒயில் சூடாவதும் அழுக்காவதும் அந்த அளவுக்குத் தாமதமாகும்.

உங்கள் அப்பா ஏன் அந்தச் சம்ப்பைக் கழற்றாமல் வைத்திருந்தார் என்பது எனக்கு இந்த இடத்தில் விளங்குகிறது. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின், வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த ஆண்டுகளில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு என்ஜினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் எஞ்சும் பகுதி சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிச் சம்ப்பினுள் இறங்கிவிடும். ஒயில் குறையவேண்டிய காரில் டிப்ஸ்ரிக்கில் மட்டம் ஏறுவதை அக்காலத்தில் பலர் அதிசயமாகச் சொன்னார்கள். மணந்து பார்த்தால் காரணம் தெரியும். கணக்குக்காக, நான்கு லீற்றர் கொள்ளும் சம்ப்பில் அரை லீற்றர் மண்ணெண்ணெய் என்று வைத்துக்கொண்டால் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். ஐந்தே கால் லீற்றர் கொள்ளும் சம்ப்பில் அதே அரை லீற்றர் பத்திலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒயிலே கிடைக்காத காலத்தில், பேரிங்குகள் மெலிந்த ஒயிலில் ஓடிக்கொண்டிருந்த நிலையில், இந்த வித்தியாசம் ஓர் என்ஜினின் ஆயுளைக் கூட்டியிருக்கும். உங்கள் கார் அந்த ஆண்டுகளைக் கடந்து இன்றும் ஓடுகிறதென்றால் அதில் அந்தச் சம்ப்புக்கும் பங்குண்டு. அப்பா செய்தது சரியான வேலை.

ஆனால் அந்தக் காரணம் இன்று இல்லை. பெற்றோலில் ஓடும் இந்தக் காருக்கு இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது குளிர்ச்சி. அலுமினிய வார்ப்பு எஃகைவிட இரண்டு மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் வெப்பம் உலோகத்தைக் கடப்பதில் பெரிய தடை இருப்பதில்லை. உலோகத்திலிருந்து காற்றுக்குப் போவதிலேயே தடை இருக்கிறது. துடுப்புகள் அதற்காகவே வைக்கப்பட்டவை, அவற்றின் இடைவெளிகளில் காற்று வேகமாக ஓடினால் பயன் உண்டு. பந்தயத்தில் நீண்ட நேரம் உச்ச வேகத்தில் ஓடும் காருக்கு அது தேவை. காங்கேசன்துறை வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில், ஓட்டோவுக்கும் சைக்கிளுக்கும் வழிவிட்டு ஓடும் 37 குதிரைவலு என்ஜினுக்கு அதனால் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது. உங்கள் காரில் அந்தத் துடுப்புகளுக்கிடையே ஒயிலும் புழுதியும் கலந்து பிட்டுப் போல இறுகியிருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் அது குளிர்ச்சி தராது, வெப்பத்தைப் போர்த்தியே வைத்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொக்குவிலிலிருந்து நல்லூர் சில கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்துக்குள் என்ஜின் ஒயில் முழுமையாகச் சூடாவதில்லை. என்ஜினில் பெற்றோல் எரியும்போது உண்டாகும் நீராவியும், எரியாத பெற்றோலும் ஒயிலில் சேர்கின்றன. ஒயில் நன்றாகச் சூடானால்தான் அவை ஆவியாகி வெளியேறும். ஒயில் நிரப்பும் மூடியின் உட்புறத்தில் மோரைப் போல வெள்ளைப் படலம் படிந்திருந்தால் இதுவே நடக்கிறது என்று பொருள். கூடுதலான ஒயிலைக் குளிரவும் வைக்கும் சம்ப், குறுந்தூரம் ஓடும் காருக்கு இந்த வகையில் தீமையே செய்கிறது. எந்தச் சம்ப்பைப் பூட்டினாலும், மாதம் ஒருமுறையாவது சாவகச்சேரி வரை போய் வாருங்கள்.

என் முடிவுக்கு முக்கிய காரணம் நிலம். கொக்குவிலில் இருக்கும் உங்களுக்கு ரயில் கடவைகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததும் நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் உயர்ந்து நிற்கும் தண்டவாளத்தை ஒழுங்கையிலிருந்து ஏறிக் கடக்கும்போது பழைய கார்களின் அடிப்பாகம் உரசும் சத்தமும் அதன் பிறகு நமக்குப் பழகிவிட்டது. இவற்றோடு வேகத்தடைகளும், மழைக்குப் பின் ஒழுங்கைகளில் தலைநீட்டும் சுண்ணாம்புக் கற்களும் இருக்கின்றன. தகரச் சம்ப்பில் கல் பட்டால் நெளியும். அலுமினிய வார்ப்பில் பட்டால் வெடிக்கும். நெளிந்த சம்ப்புடன் பெரும்பாலும் வீடு வந்து சேரலாம். வெடித்த சம்ப்பிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் ஒயில் முழுவதும் போய்விடும். மத்தியான வெயிலில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது தெரியாமல், கடவையைத் தாண்டி இரண்டு கிலோமீற்றர்கூடப் போகாமல் இறுகிப்போன என்ஜின் ஒன்றை நானே பிரித்திருக்கிறேன். பேரிங்குகள் கிராங்கோடு உருகி ஒட்டியிருந்தன. அந்தக் காரின் சம்ப்பில் இருந்தது விரல் நீளமான ஒரு வெடிப்புத்தான். ஒயில் ஊறிய பழைய அலுமினிய வார்ப்பை ஆகன் வாயு வெல்டிங்கால் ஒட்டலாமென்றாலும், சூடேறும்போதெல்லாம் உள்ளே ஊறிய ஒயில் கசிந்து வந்து ஒட்டைக் கெடுப்பதால், நன்கு பழகிய கைக்கே அது சரிவரும்.

எனவே முதல் வேலையாகக் காரைச் சமதரையில் நிறுத்தி, அலுமினியச் சம்ப்பின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் நிலத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். தகரச் சம்ப்பைப் பூட்டிய பிறகு மீண்டும் அளக்கும்போது உங்களுக்கே முடிவு தெளிவாகும்.

ஒயில் கறைக்கு வருவோம். அதற்குச் சம்ப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த என்ஜினின் கிராங்கின் பின்முனையில் இக்காலக் கார்களில் உள்ளதைப் போன்ற றப்பர் சீல் கிடையாது. வெளியே வரப்பார்க்கும் ஒயிலை உள்ளே திருப்பி அனுப்பும் சுருள் பள்ளம் ஒன்றே இருக்கிறது. தேய்ந்த என்ஜினில் அதன் வழியாக ஒயில் கசிந்து, கிளச் உறையின் அடியிலுள்ள சிறு துளையால் சொட்டும். அந்தத் துளை அடைபடாதிருக்க அதில் ஒரு பிளவூசி தொங்கும். காரின் அடியைக் கழுவி உலர்த்தி, சம்ப் விளிம்பைச் சுற்றி முகப்பவுடர் தூவி, ஒருமுறை ஓட்டிவிட்டுப் பாருங்கள். பிளவூசியில் துளி தொங்கினால் எந்தச் சம்ப்பைப் பூட்டினாலும் அந்தக் கசிவு நிற்காது. என்ஜினின் மூச்சுக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்; அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி எல்லா இணைப்புகளாலும் ஒயில் வெளியேறும். சம்ப் நட்டைச் சுற்றிப் பவுடர் நனைந்தால் அது தேய்ந்த புரியின் வேலை. அந்த வெள்ளை நாடா தண்ணீர்க் குழாய்க்கு உரியது. அதன் துண்டு உள்ளே போனால் சல்லடையில் சிக்கும். அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இனி மாற்றும் வேலை. கழற்றுவதற்கு முன்னரே ஒயில் அழுத்தமானி ஒன்றை இரவலாக வாங்கிப் பூட்டி, 20 கிலோமீற்றர் ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பின் வெறும் ஓட்டத்திலும் சாதாரண வேகத்திலும் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் அதே வழியில் ஓட்டி ஒப்பிடுவதற்கு இது வேண்டும். ஒயிலைச் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். காரை ஜக்கில் மட்டும் நிறுத்தி அதன் கீழே படுக்க வேண்டாம். உறுதியான ஸ்ராண்டில் நிறுத்துங்கள்.

சம்ப் இறங்கியதும் அவசரப்பட்டுக் கழுவாதீர்கள். அடியில் படிந்திருப்பதை விரலால் தடவிப் பாருங்கள். கறுப்புச் சேறு மட்டுமென்றால் அது பழைய காலத்தின் மிச்சம். மினுங்கும் செம்பு நிறத் துகள்களோ, நகத்தால் கீறுபடும் வெண்ணிற உலோகச் செதில்களோ இருந்தால் பேரிங்குகள் தேய்கின்றன. அப்போது சம்ப் கதையை நிறுத்திவிட்டு பேரிங்குகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். சல்லடையையும் அப்போதே கழற்றிக் கழுவுங்கள்.

நான் தொடக்கத்தில் எச்சரித்த விடயம் இங்கேதான் வருகிறது. ஆழமான சம்ப்பைப் பூட்டுபவர்கள் அதற்கேற்ப உறிஞ்சு குழாயையும் நீட்டுவதுண்டு. உங்கள் அப்பா அப்படி நீட்டியிருந்தால், தகரச் சம்ப்பைப் பூட்டும்போது சல்லடை அதன் அடியில் முட்டும். போல்ட்டுகளை இறுக்கினால் தகரம் சற்று வளைந்து கொடுத்து, எல்லாம் சரியாகப் பொருந்தியதைப் போலவே தோன்றும். ஆனால் சல்லடையின் வாய் அடைபட்டிருக்கும். என்ஜினை எழுப்பிய சில நிமிடங்களில் பேரிங்குகள் போய்விடும். ஆகவே பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்ரிசீனில் ஓர் உருண்டை பிடித்துச் சல்லடைக்கு நேராகத் தகரச் சம்ப்பின் அடியில் வைத்து, இணைப்பில் ஒயில் கசியாமல் தடுக்கும் புதுக் கஸ்கற்றையும் இடையில் வைத்து, சம்ப்பைச் சரியான இடத்தில் பிடித்து இரண்டு மூன்று போல்ட்டால் இலேசாக இறுக்கி, மீண்டும் இறக்குங்கள். நசுங்கிய பிளாஸ்ரிசீனின் தடிப்பே சல்லடைக்கும் அடிக்கும் உள்ள இடைவெளி. ஆறு முதல் பத்து மில்லிமீற்றர் வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குறைவாக இருந்தால் குழாய் நீட்டப்பட்டிருக்கிறது, அல்லது தகரச் சம்ப் கல்லில் பட்டு உள்நோக்கி நெளிந்திருக்கிறது. நெளிவை உள்ளேயிருந்து மரக்கட்டை வைத்துத் தட்டி எடுக்கலாம். குழாய் நீட்டப்பட்டதென்றால் பழைய அளவுக் குழாயைத் தேடிப் பூட்டும்வரை தகரச் சம்ப்பைப் பூட்ட வேண்டாம்.

தகரச் சம்ப்பையும் நம்பிவிடாமல் சோதியுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்குக்குள் கிடந்த எஃகு, நம் கடற்காற்றில் என்னவாகியிருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும். துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி உலரவிட்டு, உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். எங்கே ஊசித்துளை இருக்கிறதோ அங்கே காலையில் சுண்ணாம்பில் ஈரப்பொட்டுத் தெரியும். அலுமினியச் சம்ப்பையும் இதேபோலச் சோதிக்கலாம். பழைய வார்ப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதுண்டு, அவற்றால் ஒயில் வியர்வை போலக் கசியும். பிறகு தகரச் சம்ப்பின் விளிம்பைக் கண்ணாடித் தளத்தில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். முன்னொரு காலத்தில் யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதால் போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருக்கும். அவற்றைத் தட்டிச் சமப்படுத்தாமல் எந்தக் கஸ்கற்றை வைத்தாலும் ஒழுகும். பக்கக் கஸ்கற்றுகளோடு, முன்னும் பின்னும் பேரிங் மூடிகளில் அமரும் தக்கைக் கீற்றுகளும் இருக்கின்றன. அவை பக்கக் கஸ்கற்றைச் சந்திக்கும் நான்கு மூலைகளில் மட்டும் சிறிது சிலிக்கோன் போதும். நிறையப் பூசினால் உள்ளே பிதுங்கியது அறுந்து சல்லடைக்குத்தான் போகும். போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக, தக்கை நசுங்கத் தொடங்கும் வரை மட்டும் இறுக்குங்கள். ஒரு நாள் ஓட்டிய பின் இன்னொருமுறை தொட்டுப் பாருங்கள். இந்த வேலையில் பலம் காட்டியவர்களே ஒழுகலோடு திரும்பி வருகிறார்கள்.

தகரச் சம்ப் இந்தச் சோதனைகளில் தேறாவிட்டால் அலுமினியச் சம்ப்பையே தொடர்ந்து வைத்திருங்கள். அதற்குச் சம்ப் நட்டின் பழுதைச் சரியாகத் திருத்த வேண்டும். கடைசல் பட்டறையில் தேய்ந்த துளையைப் பெருப்பித்து, உள்ளே எஃகுப் புரிச்சுருள் ஒன்றை இறக்கிவிட்டால் பழைய அளவு நட்டே மீண்டும் பூட்டலாம். ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் புதுச் செப்பு வாசரைப் போடுங்கள். போல்ட்டுகள் எஃகு, சம்ப் அலுமினியம். உப்பீரம் உள்ள காற்றில் இவ்விரண்டும் தொட்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கும் என்பதால், போல்ட்டுகளுக்குக் கிறீஸ் தொட்டுப் பூட்டுங்கள். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 40 சென்ரிமீற்றர் நீளமான சம்ப் 70 பாகை சூடேறும்போது, அதற்கும் புளொக்குக்கும் இடையில் மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கு வித்தியாசம் வரும். கஸ்கற் ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்த அளவுக்கு இழுபடுகிறது. அதனால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கஸ்கற்றை மாற்ற நேர்ந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பாஸ் சொன்னதில் உள்ள நியாயமும் இருக்கிறது. அந்தச் சம்ப் கிடைத்தற்கரியது, கழற்றினாலும் விற்றுவிடாதீர்கள். தம்பி நினைப்பதற்கு மாறாக, பழைய சம்ப் காரின் தோற்றத்தை அதிகம் மாற்றாது, ஏனெனில் அடியில் படுத்துப் பார்ப்பவருக்கே அது தெரியும். பதிவுப் புத்தகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, என்ஜின் இலக்கம் புளொக்கிலேயே இருக்கிறது. அப்பாவின் கை பட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவர் பழைய சம்ப்பை எறியாமல் சாக்கில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒருநாள் இதை மீண்டும் பூட்ட வேண்டிவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் செய்ததைப் போலவே நீங்களும் அலுமினியச் சம்ப்பைக் கழுவி உலர்த்தி, ஒயில் பூசி, அதற்குரிய போல்ட்டுகளையும் நீட்டிய குழாய் இருந்தால் அதையும் ஒரே பெட்டியில் இட்டு, எந்த ஆண்டில் யார் பூட்டியது, எப்போது ஏன் கழற்றியது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ 55 காரின் சம்ப் 1993இல் கல்லில் பட்டுக் கிழிந்தது. அப்போது பாகங்கள் எதுவும் வராததால் உள்ளூர் ஒட்டுப் பட்டறையில் தகடு வெட்டி ஒரு சம்ப் செய்து பூட்டினோம். இன்றுவரை ஓடுகிறது. அதை இனி மாற்ற வேண்டுமா? – காரைநகர் வாசகர்

பதில்: மின்சாரமில்லாத காலத்தில் காஸ் ஒட்டில் செய்து முப்பது ஆண்டுகள் தாங்கிய வேலையை நான் மதிக்கிறேன். ஓடுகிறது என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பெட்டியைப் போலச் செய்த சம்ப்புகளில் உள்ளே தடுப்புத் தகடு வைப்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் திடீரென்று பிறேக் பிடிக்கும்போது ஒயில் முழுவதும் முன்பக்கம் ஓடி, சல்லடை வெறுமையாகும். பிறேக் பிடிக்கும் கணத்தில் ஒயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். எரிந்தால் சல்லடையைச் சுற்றித் தகட்டுத் தடுப்பு ஒன்றை ஒட்டுவிக்க வேண்டும். ஒட்டின் உட்பக்கத்தில் கசடு செதிலாக நிற்கிறதா என்பதையும் பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.

பொன்னாலைப் பாலத்தால் தினமும் போய்வரும் காருக்கு உப்பே பெரிய எதிரி, அதுவும் ஒட்டு ஓடிய விளிம்பிலேயே முதலில் தின்னும். மேலே சொன்ன சுண்ணாம்பு மண்ணெண்ணெய்ச் சோதனையில் சம்ப் தேறினால், துரு நீக்கி இரண்டு பூச்சு வர்ணம் அடித்து மீண்டும் பூட்டுங்கள். தேறாவிட்டால் கம்பனிச் சம்ப் தேடலாம். இந்தியாவில் ஓடிய அம்பாசிடர் பெற்றோல் காரில் இருந்ததும் இதே குடும்பத்து 1489 சீசீ என்ஜின் என்பதால் அதன் சம்ப் பொருந்தும் என்று யாராவது சொல்லக்கூடும். ஒரே குடும்பமென்றாலும் காருக்குக் கார் குறுக்குச் சட்டத்தின் இடம் வேறு. அதற்கேற்பச் சம்ப்பின் பள்ளம் முன்னுக்கோ பின்னுக்கோ இருக்கும். உங்கள் பழைய கஸ்கற்றைக் கையில் கொண்டுபோய்த் துளைக்குத் துளை வைத்து ஒப்பிட்டு, ஆழத்தையும் பள்ளத்தின் இடத்தையும் அளந்த பின்னரே காசு கொடுங்கள்.

கேள்வி: நண்பரின் மொறிஸ் மைனரில் பெரிய அலுமினியச் சம்ப் இருக்கிறது. என் மினி காருக்கும் அப்படியொன்று எடுக்கலாமா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: எடுக்க முடியாது. 1959இல் வெளிவந்த மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸே அதற்கு முன் மொறிஸ் மைனரையும் வடிவமைத்தவர். இரண்டிலும் ஒரே வகை என்ஜின்தான். ஆனால் மினியில் இடத்தை மிச்சம் பிடிக்க என்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியிலேயே வைத்துவிட்டார். உங்கள் காரில் சம்ப்பாக இருப்பது கியர்பெட்டியின் அலுமினிய உறையே. கியர்களும் என்ஜினும் ஒரே ஒயிலில் ஓடுகின்றன. அதனால் மினியில் ஒயிலை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும், கியர் பற்களில் அரைபட்ட ஒயில் சீக்கிரம் மெலியும். காந்தம் உள்ள சம்ப் நட்டைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாப்போன்ற நுண்பொடி இயல்பு, ஊசிபோன்ற துண்டு வந்தால் கியர் ஒன்று உடைகிறது. தாழ்ந்த காரில் அந்த வார்ப்பு கல்லில் படாமல் காக்க, அடியில் மூன்று மில்லிமீற்றர் எஃகுத் தகட்டால் ஒரு காப்புச் செய்து பூட்டுங்கள். ஒயில் வடிக்க அதில் நட்டுக்கு நேராக ஒரு துளை விட மறக்க வேண்டாம்.